பரிசோதனைக் கூடத்தில் பெயர் மாறலாமா?

நோய் இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட வழி. அன்று வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். இன்று மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கிறார். அதில் உள்ள எண் தவறானால், கைதேர்ந்த மருத்துவரும் தவறான மருந்தையே எழுத நேரும். ஆகவே, பரிசோதனைக் கூடங்களில் பிழைகளைக் குறைப்பது எப்படி என்று நாம் அனைவரும் சிந்திக்க வேண்டும்.

ஒரு காலத்தில் சோதனை முறைகளிலேயே குறை இருந்தது. 1947-ல் அமெரிக்காவில் பெல்க், சண்டர்மன் என்னும் இருவர் ஒரே மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்கத்தகாத விடைகளே மிகுதியாக வந்தன! 1950-ல் லீவி, ஜென்னிங்ஸ் ஆகியோர், அன்றாடச் சோதனைகளை வரைபடத்தில் குறித்துச் சரிபார்க்கும் முறையைக் கூடங்களுக்குக் கொண்டுவந்தனர். இன்று நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் மற்றக் கூடங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் நற்பணியைச் செய்து வருகிறது.

ஆயினும் பிழை ஒழிந்துவிடவில்லை. இன்று பெரும்பாலான பிழைகள், இரத்தம் கருவியை அடையும் முன்னரே நேர்ந்துவிடுகின்றன. வெறும் வயிற்றுடன் வர வேண்டியவர் காப்பி குடித்துவிட்டு வருகிறார். சர்க்கரை பார்க்க எடுத்த இரத்தம் உரிய குழாயில் இடப்படாமல் மணிக்கணக்கில் கிடந்தால், இரத்த அணுக்களே சர்க்கரையைச் செலவழித்துவிடுகின்றன. அளவு குறைந்து தெரிகிறது. எல்லாவற்றிலும் கொடியது, ஒருவரின் இரத்தத்தின்மேல் மற்றொருவர் பெயர் ஒட்டப்படுவதே. லான்ட்ஸ்டைனர் 1901-ல் இரத்த வகைகளை உலகுக்கு அறிவித்தார். 'ஓ' வகையினருக்கு 'ஏ' வகை இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதை நாம் அறிவோம். இங்குக் கருவியைக் குறை சொல்லிப் பயன் என்ன?

கணிப்பொறி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கணிப்பொறியும் பார்கோடும் பேருதவி புரிகின்றன. கையால் படியெடுப்பதில் வரும் பிழைகள் குறைந்துள்ளன. ஆனால் கணிப்பொறி நாம் சொன்னதை அப்படியே நம்பும். நம் ஊரில் எம். லட்சுமி எத்தனை பேர்! எஸ். மேரி எத்தனை பேர்! ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒருவரே இருவராகப் பதிவாகிறார். இருவரின் குறிப்புகள் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே, பெயரைக் காப்பதே முதற்பணி என்பது எங்கள் கருத்து. "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டி ஆமென்று தலையசைத்துவிடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்றே கேட்க வேண்டும். பெயருடன் பிறந்த தேதியோ பதிவு எண்ணோ சேர வேண்டும். இரத்தம் எடுத்தவுடன், நோயாளியின் முன்னிலையிலேயே குழாயில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். காலை நெரிசலில் இதற்கு நேரம் ஏது என்பர். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடமே. இழந்த உயிரோ திரும்பி வாராது. மேலும், பிழையைத் தாமே முன்வந்து சொல்லும் ஊழியரைத் தண்டித்தால், அடுத்த பிழை மறைக்கப்படும். தண்டிப்பதைவிட வழிமுறையைத் திருத்துவதே மேல்.

பெற்றோர்க்கும் இதில் பங்குண்டு. உண்டதையும் உட்கொள்ளும் மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவுத் தாளை வாங்கியதும் பெயர், வயது சரிதானா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

அன்புத் தோழியரே, நம்மில் சிலர் நாளை செவிலியராகலாம். பரிசோதனைக் கூடத்தில் பணிபுரியலாம். கணிப்பொறித் திட்டங்கள் வகுக்கலாம். ஞானஸ்நானச் சடங்கின் தொடக்கத்தில் குருவானவர் குழந்தையின் பெயரைத்தான் கேட்கிறார். திருச்சபை அத்துணை மதிப்புடன் கேட்கும் பெயரை, ஒரு சிறு கண்ணாடிக் குழாயிலும் அதே மதிப்புடன் எழுதுவோம். அதுவும் பிறரன்புப் பணியே.