வானத்து ஓலையை வாசிப்பவர் யார்?

பெரகலச் சந்தியில் நின்று தெற்கே நோக்குவார்க்கு மலைநாடு அவ்விடத்திலேயே முடிந்துவிட்டது போலத் தோன்றும். பின்னே அப்புத்தளை மலை. முன்னே, காலடிக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. ஒரு மாலைப்பொழுதில் அச்சந்தியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, என் மாணாக்கன் ஒருவன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

“சேர், இது நம்ம மலை.”

பார்த்தேன். மலை முழுவதும் செக்கச் சிவந்திருந்தது. “தீப்பிடித்தபோது எடுத்த படமா?” என்றேன். அவன் சிரித்தான். “இல்லை சேர், பச்சையா இருக்கிறதெல்லாம் இந்தப் படத்தில சிவப்பாத்தான் தெரியும்.”

ஆசிரியன் மாணவனாகிய வேளை அது. அன்று அவனிடம் கேட்டறிந்ததும் பின்னர் நூல்களிற் கற்றதும் இவை: இலை தன் உணவை ஆக்குதற்பொருட்டுச் சூரிய ஒளியின் சிவப்புக் கதிரை உட்கொள்கிறது, நம் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிரையோ பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறது. செய்மதி இவ்விரண்டையும் அளக்கிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண் ஒன்றை நெருங்குமாயின் ஆங்கே தழை அடர்ந்துள்ளது. பூச்சியத்தை நெருங்குமாயின் மண் வெறிதாயுள்ளது. கீழ்க்கதிருக்குச் சிவப்பு நிறத்தைச் சூட்டிப் படம் வரைவதால், பசுமை செம்மையாய்த் தோன்றுகிறது.

அமெரிக்கர் முதல் லாண்ட்சற் செய்மதியை ஏவியது 1972ஆம் ஆண்டில். அவ்வரிசைச் செய்மதிகள் எடுத்த படங்களை 2008 முதல் எவரும் விலையின்றிப் பெறலாம். ஐரோப்பியர் 2015இல் ஏவத் தொடங்கிய சென்ரினல்-2 செய்மதிகள் பத்து மீற்றர் நுணுக்கத்தில் நிலத்தைக் காட்டுவன. இலங்கைத்தீவின் அடர்காடு 1956இல் எடுத்த விமானப் படங்களின்படி நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 வீதமாயிருந்து, 1992இல் 24 வீதமளவாகக் குறைந்தது என்பதும் வானிலிருந்து பார்த்து அறிந்த செய்தியே.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். நிலத்தைத் திணையென வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவரத்தின் பெயரையே சூட்டியவர் நம் முன்னோர் அன்றோ? முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நிலம் மாறும் என்பதையும், அம்மாற்றத்தை அதன் மேலுள்ள பசுமையால் அறியலாம் என்பதையும் நாம் வகுப்பறையில் நாள்தோறும் படிப்பிக்கிறோம். ஆனால், சாளரத்துக்கு வெளியே திரிந்துகொண்டிருக்கும் குறிஞ்சியைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அது நம் குறையே.

செய்மதிக்கும் ஒரு குறை உண்டு. தேயிலையும் பச்சை, பைனசும் பச்சை, பழங்காடும் பச்சை. கைவிடப்பட்ட தேயிலையில் மானாப்புல் மண்டினாலும் மேலிருந்து பார்க்கும்போது அது பசுமையே. எந்தப் பசுமை மண்ணைப் பற்றி நிற்கும், எது நிற்காது என்பதை எண் ஒன்றே முடிவு செய்துவிடாது. அதற்கு நிலத்தில் நடந்து பார்த்த கால்கள் வேண்டும். தேயிலை வயலையே ‘மலை’ என்று வழங்கும் தோட்டத்துப் பெண்கள், எந்த மலையில் ஊற்றுப் புதிதாய்க் கிளம்பியது, எங்கே மரம் சாய்ந்தது, எவ்விடத்தில் நிலம் வெடித்தது என்று கொழுந்து பறிக்கும்போதே கண்டிருப்பர். படம் மூலபாடம் எனின், அவர்கள் அறிவே அதற்கு உரை. உரையின்றி மூலம் விளங்குமா?

இதனை நான் சொல்லுதற்குக் காரணம் மீரியபெத்த. பெரகலவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் வழியில் கொஸ்லந்தையை அடுத்துள்ள தோட்டப் பிரிவு அது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. புதையுண்டோரிற் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை.

அந்த மலையின் நிலை எவருக்கும் தெரியாதிருந்ததா? இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் படங்களை வரையத் தொடங்கியிருந்தது. பாறை, சரிவு, நீரோட்டம், மேல்மண், நிலத்தின் வடிவம், நிலப்பயன்பாடு என்பவற்றை ஒருங்கு நோக்கி வரையப்பட்ட படங்கள் அவை. மீரியபெத்தவிலிருந்து மக்களை அகற்றவேண்டுமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஓலை எழுதப்பட்டது, வந்தும் சேர்ந்தது. அதன்படி நடந்தவர்தாம் இல்லை.

“படித்திருந்தால் மட்டும் எங்கே போயிருப்பார்கள்?” என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், லயத்தின் கீழுள்ள ஒரு சாண் மண் தமதென்று சொல்ல உரிமையற்ற மக்களுக்கு, “இங்கிருந்து போ” என்னும் எச்சரிக்கை அரைவாக்கியமே. எங்கே போவது என்னும் மறுபாதியை எழுதாத படத்தை நான் முழுமையான படமென்று ஒப்பமாட்டேன். மீரியபெத்தவில் தப்பியோருக்கு வேறிடத்தில் வீடுகள் கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சரிவுக்குப் பின் தேடிய நிலத்தை முன்னரே தேடியிருக்கலாகாதா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்து மலைகளையும் சரித்தபோது, இதே கேள்வி மீண்டும் நம்முன் வந்து நின்றது.

ஆதலின் என் கோரிக்கை இரண்டு. முதலாவது, ஆட்சியாளர்க்கு: அபாயப் படத்தில் சிவப்புக் கோட்டினுள் அடங்கும் ஒவ்வொரு லயத்துக்கும் எதிரே, அதே தாளில், அம்மக்களுக்குரிய மாற்று நிலத்தின் பெயரும், அது கையளிக்கப்படும் நாளும் தமிழில் எழுதப்படல் வேண்டும்.

இரண்டாவது, என் போன்ற ஆசிரியர்க்கு: ஒவ்வொரு தோட்டப் பாடசாலையின் சுவரிலும் அத்தோட்டத்தின் செய்மதிப் படம் ஒன்று தொங்கட்டும். மலைகளுக்கும் ஓடைகளுக்கும் தோட்டத்து மக்கள் இட்ட பெயர்களை அதிற் பொறிப்போம். கோடையில் ஒரு படம், ஐப்பசி மழைக்கு முன் ஒரு படம் என ஆண்டுதோறும் ஒப்பிடுவோம். மாணவர் தம் தாயரிடமும் பாட்டியரிடமும் கேட்டு, ஊற்றையும் வெடிப்பையும் அதிற் குறிக்கட்டும். விஞ்ஞான ஆசிரியர் எண்ணைச் சொல்லட்டும். தமிழாசிரியர் சொல்லைத் தரட்டும்.

அன்று பேருந்து வந்தபோது, மாணவன் கைப்பேசியை வாங்கிக்கொண்டு கேட்டான்: “சேர், நம்ம லயம் இதில எங்க இருக்கு?”

இருவரும் தேடினோம். அந்தச் செம்மையினுள் அதனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனைக் காட்டிக் கொடுக்கும் கல்வியையே நான் வேண்டுகிறேன்.