கல்லாப்பெட்டியும் கணினிப்பெட்டியும்

தர்மபுரிக் கடைவீதியில் எந்த முதலாளியும் கல்லாப்பெட்டிச் சாவியைச் சுவரில் தொங்கவிட்டுச் செல்வதில்லை. ஆனால், நகைக்கடன் பெற்றவர் யார், அடகு வைத்த நகையின் எடை என்ன, அவருடைய ஆதார் எண் யாது என்ற விவரங்களெல்லாம் அடங்கிய கணினியின் கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையோரத்தில் ஒட்டிவைப்பதை நம்மவரில் பலர் ஒரு குற்றமாகவே கருதுவதில்லை. இது மிகவும் விசனிக்கத்தக்க விஷயமாகும்.

2005-ம் வருஷத்தில் புனா நகரில், எம்ஃபஸிஸ் கம்பெனியின் அழைப்பு நிலையத்தில் ஊழியம் செய்தவர்கள், அமெரிக்காவிலுள்ள சிட்டிபாங்க் வாடிக்கையாளர் சிலரிடம் நயமாகப் பேசி ரகசிய எண்களை அறிந்து, சுமார் மூன்றரை லட்சம் டாலரை அபகரித்ததாகப் போலீஸார் குற்றஞ்சாட்டினர். 2025 மே மாதத்தில், தனது வெளிநாட்டு உதவி ஊழியர் சிலர் லஞ்சம் பெற்று வாடிக்கையாளர் விவரங்களைக் கொடுத்துவிட்டனர் என்று அமெரிக்கக் காயின்பேஸ் கம்பெனியே வெளியிட்டது; பாதிக்கப்பட்டோர் 69,461 பேர். இரண்டிலும் பூட்டை எவரும் உடைக்கவில்லை. உள்ளே இடம் பெற்றவர்களே கதவைத் திறந்தனர்.

சட்டம் இல்லாமலில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு, ஒப்பந்தத்தை மீறிப் பிறர் விவரங்களைத் தீய நோக்குடன் வெளியிடுவோருக்கு 3 வருஷம் வரை சிறைவாசத்தை விதிக்கிறது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறும் ஸ்தாபனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் வருஷத்துச் சட்டம் வகை செய்திருக்கிறது. ஆனால், சட்டம் சாட்சியத்தைக் கேட்கும். ஐந்து குமாஸ்தாக்கள் ஒரே கடவுச்சொல்லை உபயோகித்தால், கணினிப் பதிவு யாரைக் காட்டும்? குற்றவாளி தப்பிவிடுவான், ஒரு பாவமும் அறியாத நால்வர் சந்தேகத்துக்கு ஆளாவார்கள்.

ஆகவே, ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். அவரவர் வேலைக்கு அவசியமான விவரம் மட்டுமே அவரவர் கண்ணில் படவேண்டும். யார், எப்போது, எதைப் பார்த்தார் என்பது பதிவாக வேண்டும். அப்பதிவை மற்றொருவர் பரிசீலிக்க வேண்டும். வேலையை விட்டு நீங்குபவரின் அனுமதியை அன்றைய தினமே ரத்து செய்ய வேண்டும்.

"எங்கள் ஆட்கள் நாணயஸ்தர்கள், இது அவர்களை அவமதிப்பதாகாதா?" என்று வியாபாரிகள் கேட்கலாம். பாங்கியின் பெட்டக அறையை இருவர் சேர்ந்து திறப்பது, காசாளரைத் திருடரென்று எண்ணியா? அவர்மீது வீண்பழி விழாதிருப்பதற்கும் அன்றோ! வாடிக்கையாளரின் விவரம் முதலாளியின் சொத்தன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதைக் காப்பது, வாடிக்கையாளருக்கு மட்டுமின்றி, நேர்மையான ஊழியனுக்கும் முதலாளி செய்யவேண்டிய கடமையாகும்.