ரேங்க் பார்த்து யுனிவர்சிட்டி தேடறவங்களோட ஒரு சண்டை

வரலாறு, தமிழ், ஓவியம்னு ஏதாவது ஒண்ணு படிச்ச பிள்ளை, மேல படிக்க வெளிநாடு போறேன்னு சொன்னா நம்ம ஆளுங்க ரெண்டே கேள்விதான் கேப்பாங்க. முதல் கேள்வி, "ஆர்ட்ஸ் படிக்க எதுக்குப்பா அவ்ளோ தூரம்?" அதுக்குப் பதில் சொல்லித் தப்பிச்சு வந்தா ரெண்டாவது, "அந்த யுனிவர்சிட்டி ரேங்க் எத்தனை?" முதல் கேள்வி கேக்கிறவங்களை விட்டுடலாம், தெரியாம கேக்கிறாங்க. ரெண்டாவது கேள்விக்காரங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசி பிள்ளைங்க பொழப்பைக் கெடுக்கிறாங்க. இன்னிக்கு சண்டை அவங்களோடதான்.

அந்த லிஸ்ட்ல அப்படி என்னதான் இருக்குன்னு பார்ப்போம். எல்லாரும் தூக்கிப் பிடிக்கிற க்யூ.எஸ். பட்டியல் 2023ல தன் கணக்கை மாத்தினது. அதுல நூத்துக்கு 30 மார்க், மத்த ஊர் பேராசிரியர்கள் கிட்ட இருக்கிற நல்ல பேருக்கு. 15 மார்க் வேலை குடுக்கிற கம்பெனிங்க கிட்ட இருக்கிற நல்ல பேருக்கு. 20 மார்க் ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கங்கிறதுக்கு. நீங்க படிக்கப் போற விஷயத்தைச் சொல்லிக் குடுக்க அங்க ஒரு வாத்தியார் இருக்காரா? அதுக்கு எத்தனை மார்க்? பூஜ்யம்.

இன்னொரு கூத்து கேளுங்க. லண்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்னு ஒண்ணு இருக்கு. இதே க்யூ.எஸ். ஓவியத்துக்கும் வடிவமைப்புக்கும் தனியா போடற பட்டியல்ல 2015ல இருந்து 2025 வரைக்கும் தொடர்ந்து முதலிடம் அதுக்குத்தான். ஆனா நம்ம ஆளுங்க பார்க்கிற பொதுப் பட்டியல்ல அது கிடையவே கிடையாது. பல துறைகள் இருக்கணும், இளநிலைப் படிப்பும் இருக்கணும்னு அந்தப் பட்டியலுக்கு விதி. அது முதுநிலை மட்டும் இருக்கிற கலைக் கல்லூரி. ஆக, "முதல் 500ல இல்லையே தம்பி, வேணாம்"னு சொல்ற அங்கிள் வேணாம்னு தள்ளறது உலகத்தோட முதல் ஓவியக் கல்லூரியை!

மறுபக்கத்தையும் பாருங்க. ஏ.கே. ராமானுஜன் 30 வருஷம் இருந்த இடம் சிகாகோ பல்கலைக்கழகம். எப்பவும் லிஸ்ட்டோட உச்சியில இருக்கிறதுதான். 2025 ஆகஸ்ட்ல அவங்க என்ன பண்ணாங்க? 2026-27க்கு கலை, மானுடவியல் புலத்தோட பெரும்பாலான துறைகள்ல முனைவர் பட்ட சேர்க்கையே கிடையாதுன்னுட்டாங்க. ஜெர்மனியில கொலோன் பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறை பணமில்லாம மூடற நிலைக்கு வந்து, 2021ல தமிழக அரசு 1.25 கோடி ரூபாய் குடுக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் ஜம்முனு நிக்கும், உள்ள உங்க துறை உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கும். ரேங்க்ல இது எதுவும் தெரியாது.

"சரிப்பா, லிஸ்ட் இல்லாம போலி காலேஜை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நியாயமான கேள்வி. 2011ல கலிஃபோர்னியாவுல ட்ரை-வேலின்னு ஒண்ணை இழுத்து மூடினப்ப நம்ம பக்கத்து மாநிலத்துப் பசங்க நூத்துக்கணக்குல நடுத்தெருவுல நின்னாங்க. ஆனா போலியா இல்லையான்னு பார்க்க அந்த நாட்டு அங்கீகாரப் பட்டியல் போதும். உயிரோட இருக்கிறவனா பார்த்துப் பொண்ணு குடுங்கன்னா, ஊர்லயே உசரமானவனைத் தேடறது என்ன நியாயம்?

இது ஏதோ மாமா சித்தப்பா பேச்சோட போனா நான் இவ்ளோ நேரம் கத்த மாட்டேன். அரசாங்கமே இதை விதியா வெச்சிருக்கு. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டுல படிக்க மத்திய அரசோட தேசிய அயல்நாட்டு உதவித்தொகைன்னு ஒண்ணு இருக்கு. 125 இடம், அதுல 115 பட்டியல் சாதியினருக்கு. முதல் 500 ரேங்க்குள்ள இருக்கிற இடத்துலதான் சேரணும். அதோட 2022ல இன்னொரு ஆணி அடிச்சாங்க. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்திய சமூகம் பத்தின ஆய்வுக்கு இந்தப் பணம் கிடையாது. அதுக்கெல்லாம் இங்கயே ஆளும் நூலும் இருக்காம்.

எங்க மணலூர்பேட்டைக்குப் பக்கத்துல ஜம்பை. 1981ல அங்க ஒரு தமிழ் பிராமி கல்வெட்டு கிடைச்சுது. அதியமான் நெடுமான் அஞ்சியை சதியபுதன்னு சொல்ற கல்வெட்டு. அசோகர் தன் சாசனத்துல சோழ, பாண்டிய, கேரளரோட சேர்த்துச் சொல்ற சத்தியபுத்திரர் யாருன்னு அறிஞர்கள் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தாங்க. விடை எங்க தென்பெண்ணைக் கரையோரப் பாறையில இருந்துருக்கு. இந்தப் பக்கத்து கூலிக்காரர் வீட்டுப் பொண்ணு ஒண்ணு அதைப் பத்தி ஆராய்ச்சி பண்ண வெளிநாடு போக ஆசைப்பட்டா, இந்த விதிப்படி முடியாது. காசிருக்கிற வீட்டுப் பொண்ணு அதே தலைப்பை எடுத்துக்கிட்டு தாராளமா போகலாம்.

அம்பேத்கர் 1913ல பரோடா மன்னர் குடுத்த உதவித்தொகையில கொலம்பியா போனார். அங்க அவருக்குக் கிடைச்சது ரேங்க் இல்லை சார். ஜான் டூயியும் எட்வின் செலிக்மனும் கிடைச்சாங்க. 1916 மே மாசம் கோல்டன்வைசரோட மானுடவியல் வகுப்புல அவர் படிச்ச கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பத்தினது. 2022 விதி அன்னிக்கு இருந்திருந்தா, "இது இந்திய சமூகம் பத்தினது, பணம் கிடையாது"ன்னு சொல்லியிருப்பாங்க. அவர் பேர் சொல்லித்தான் ஊர் ஊரா சிலை திறக்கிறோம்.

அதனால கிளம்ப நினைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரே வார்த்தை. முதல்ல ஆளைத் தேடுங்க. உங்க விஷயத்துல நீங்க படிச்ச நல்ல புத்தகத்தை எழுதினவர் எங்க இருக்கார், இன்னும் எத்தனை வருஷம் இருப்பார், இந்த வருஷம் மாணவர்களைச் சேர்க்கிறாரான்னு மெயில் போட்டுக் கேளுங்க. அப்புறம் அங்க நூலகத்துல உங்களுக்கு வேண்டியது இருக்கான்னு பாருங்க. மூணாவது காசு. ஜெர்மனியில பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல கல்விக் கட்டணம் இல்லை. ஆனா ஹைடல்பர்க் இருக்கிற மாநிலத்துல 2017ல இருந்து வெளிநாட்டவர் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணும். விசாவுக்கு 11,904 யூரோ, அதாவது ஏறக்குறைய 12 லட்சம், 2024 கணக்குப்படி வங்கியில காட்டணும். அமெரிக்காவுல படிச்சு முடிச்சதும் வேலை பார்க்க எல்லாருக்கும் 12 மாசம். அறிவியல், பொறியியல்காரங்களுக்கு அதுக்கு மேல இன்னும் 24 மாசம். ஆர்ட்ஸ்காரங்களுக்கு அது கிடையாது. இதைக் கணக்குப் போடாம கடன் வாங்காதீங்க. ஏஜென்ட் சொல்ல மாட்டார். ஆள் சேர்த்தா கமிஷன் அவருக்கு, வட்டி உங்களுக்கு.

ரேங்க் பார்த்தேதான் ஆகணும்னு இன்னும் நினைக்கிறவங்க வாங்க, சண்டையைத் தொடரலாம் :-) ஆனா வரும்போது அந்தத் துறையில பாடம் நடத்தற ஒருத்தர் பேரையாவது தெரிஞ்சுக்கிட்டு வாங்க.