பெண் போனால் மட்டும் குற்றமா?

இலங்கையிலிருந்து அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதுகிற மாதிரியைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டே வேஷந்தான் அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒன்று, அழுகிற அபலை. மற்றொன்று, பிள்ளைகளைத் தவிக்க விட்டு ஓடிய தாய். கூலிக்கு உழைக்கும் தொழிலாளி என்கிற உண்மை மாத்திரம் அவைகளின் கண்ணுக்குப் படுவதேயில்லை.

ஆண் ஒருவன் கத்தாருக்குப் போனால், குடும்பத்துக்காகக் கடல் கடந்து பாடுபடுகிறான் என்கிறார்கள். அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று எந்த நிருபராவது போய்க் கேட்டதுண்டா? பெண் போய்விட்டாலோ, புருஷன் குடித்ததற்கும், பிள்ளை படிப்பை விட்டதற்கும் அவளே பொறுப்பாளி! குடிக்கிறவன் வீட்டிலிருக்கிறான், பழி சுமக்கிறவள் ரியாத்திலிருக்கிறாள். இதுதான் பத்திரிகை தர்மமாம்!

2005ஆம் வருஷம் மூதூரிலிருந்து ஓர் ஏழைப் பெண் சவூதிக்குப் போனாள். வயது 17. பாஸ்போர்ட்டிலோ 23 என்று பொய்யாய் ஏற்றப்பட்டிருந்தது. வீட்டு வேலைக்கென்று போனவளிடம் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. பால் கொடுக்கையில் மூச்சடைத்துக் குழந்தை இறந்ததென்றாள் அவள். கொலை என்றது கோர்ட்டு. போலீஸ் விசாரித்தபோது அவளுக்கு வக்கீலில்லை, சரியான மொழிபெயர்ப்பாளருமில்லை. 2013 ஜனவரி 9ஆம் தேதி அவள் தலை வெட்டப்பட்டது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாய் அழுதன.

அழுத பின் நடந்ததென்ன? அதே வருஷம் இலங்கை அரசாங்கம், 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகக்கூடாதென்று தடுத்து, பெண்களிடம் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கேட்டது. தகப்பன்மாரிடம் கேட்கவில்லை. செத்தவளோ கல்யாணமே ஆகாதவள்! பொய்ப் பாஸ்போர்ட்டுக்கும், வக்கீலில்லாத விசாரணைக்கும் தாய்மாரைக் கட்டிப்போடுவது எந்த ஊர் வைத்தியம்? 2022இல் நாட்டில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு வந்ததும் அந்த 5ஐ 2 ஆகக் குறைத்தார்கள். ஆகவே, தடுத்தது பிள்ளைப் பாசத்தாலுமல்ல, விட்டது பெண்ணுரிமையாலுமல்ல என்பது வெளிப்படை.

எஜமானன் சம்மதமின்றி வேலை மாறவிடாத கபாலா முறையைச் சவூதி அரசாங்கம் 2021இல் சற்றுத் தளர்த்தியபோதும், வீட்டு வேலைக்காரரை அதில் சேர்க்கவில்லை. இதை எத்தனை பத்திரிகைகள் தலைப்பில் போட்டன என்று கேட்கிறோம்.

தோழர்களே! இனி அப்படியொரு சேதியைப் படித்தால், அவள் ஏன் போனாள் என்று கேளாதீர்கள். பேசின சம்பளம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, பாஸ்போர்ட்டு யார் கையிலிருக்கிறது என்று கேளுங்கள். இவற்றிற்கு விடை தேடாத பத்திரிகை எவ்வளவு கண்ணீர் வடித்தாலும் அது எஜமானனின் பத்திரிகையே தவிர, தொழிலாளியின் பத்திரிகையாகாது என்பதே நமது அபிப்பிராயம்.