மரத்தில் முளைத்த ஆட்டுக்கால்



சென்ற திங்களில் ஒருநாள் சேத்தியாத்தோப்புக் குறுக்குச் சாலையில் பேருந்துக்காகக் காத்து நின்றோம். சாலையோரம் சாக்கு விரித்து, பழுப்பு மயிர் அடர்ந்த கிழங்குகளை ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். முதல் நோக்கில் அவை ஆட்டுக்கால்களோ என்றே தோன்றியது. "கொல்லிமலை முடவாட்டுக்கால்! நாலாயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு வியாதியும் தீரும்!" என்று அவர் கூவினார். முழங்கால் வலியால் நெடுநாள் வருந்தும் மூதாட்டி ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "இதைக் குடிச்சா சர்க்கரை மாத்திரையைக்கூட நிறுத்திடலாமாம், சாமி" என்றார். அச்சொல் நம்மைத் திடுக்கிடச் செய்தது.

முடவாட்டுக்கால் உண்மையில் கிழங்கன்று. அது பெரணி வகைச் செடியொன்றின் தண்டு. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியக் காடுகள் வழியே ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை, மரங்களிலும் பாறைகளிலும் இது தொற்றி வளர்கிறது. புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. இடத்தை மட்டுமே பெறுகிறது.

அப்படியாயின் மண்ணில்லாத மரக்கிளையில் உணவேது? இதற்கு இருவகை இலைகள் உண்டு. ஒருவகை நீண்டு பசுமையாய் நின்று வெயிலில் உணவு சமைக்கும், வித்துத்தூளையும் தாங்கும். மற்றொன்று குட்டையானது, விரைவில் பழுத்துச் சருகாகும், ஆயினும் உதிராது. தண்டை அணைத்துக் கிண்ணம்போல் நின்று, மேலிருந்து விழும் தழைகளையும் மழைநீரையும் ஏந்திக்கொள்ளும். அவை மக்கி உரமாகின்றன. கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்தபோதும் அச்சருகே தண்டைக் காத்து நிற்கும். அதன் வடிவம் ஓக் மர இலையை ஒத்திருப்பதால், 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் அறிஞர் அதையே இச்செடிக்குப் பெயராக இட்டார்.

இனி, மருந்தைப் பற்றி. மலைவாழ் மக்கள் இதன் மயிரைச் சுரண்டி, மிளகும் சீரகமும் சேர்த்துச் சாறு வைத்துப் பருகுவது பழைய வழக்கம். சீன மருத்துவரும் இதன் உறவுச் செடியொன்றை எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகின்றனர். எலிகளிடம் நடத்திய ஆய்வுகளில் வலியும் வீக்கமும் தணிந்தது உண்மையே. ஆனால் எலியிடம் கண்டதைக் கொண்டு மனிதரின் மூட்டு நோய் தீருமென்று முடிவு கட்டலாகாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதோ பெருந்தீங்கில் முடியும்.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. மாங்கனியைப் பறித்தால் மரம் நிற்கும். இதன் தண்டைப் பெயர்த்தாலோ செடியே முடிந்தது. காற்றில் பறக்கும் தூளிலிருந்து மீண்டுமொரு செடி பருத்து வளரப் பல ஆண்டுகள் செல்லும். முன்பு மலைவீட்டின் அடுப்புக்கு வேண்டிய அளவே எடுத்தனர். இன்றோ சாக்குச் சாக்காய் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து இறங்குகிறது. நுனியையேனும் மரத்தில் விட்டுவைத்தால் அது மீண்டும் படரும். இது நமக்குத் தொலைவான செய்தியன்று. நம் அணைக்கட்டுக்கு வரும் வெள்ளாற்றின் கிளையாகிய சுவேத நதி, அக்கொல்லிமலைப் பக்கத்தில் பிறப்பதே. அக்காடு வறண்டால் நம் கழனியும் அதை அறியும்.

நாம் மூதாட்டியிடம், "சுவைக்காகக் குடியுங்கள், அம்மா, மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் விடாதீர்கள்" என்றோம். சற்றே யோசித்தவர், எடுத்து வைத்த நான்கில் மூன்றைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் பையிலிட்டுக்கொண்டார்.

வீட்டில் முதியோர் உள்ள வாசகர்களே, அவர்களுடைய மருந்துப் பெட்டியை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். மாத்திரை குறையாமல் அப்படியே இருக்குமாயின், அருகிலமர்ந்து காரணம் கேளுங்கள்.