செகண்ட்: ஒரு சொல், எத்தனை அர்த்தம்!

போன மாதம் என் சித்திக்குக் காலில் சின்ன அறுவை சிகிச்சை. மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில், 'டிரெஸ்ஸிங் எவ்ரி செகண்ட் டே' என்று ஒரு வரி. சித்தியின் மகன் பி.காம். படித்தவன். அதை வாசித்துவிட்டு, "ரெண்டாவது நாள் கட்டு மாத்தணுமாம்மா" என்றான். சொன்னபடியே இரண்டாவது நாள் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் கட்டு மாற்றிவந்தான். வேலை முடிந்தது என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

எட்டாவது நாள் நான் பார்க்கப் போனேன். சித்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு நனைந்து, லேசாக வாடை வேறு. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுடா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்றார். தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

'எவ்ரி செகண்ட் டே' என்றால் இரண்டாவது நாள் அல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள். இன்று மாற்றினால் நாளை வேண்டாம், நாளை மறுநாள் மாற்ற வேண்டும். 'எவ்ரி' என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டதன் விலை, புண்ணில் சீழ், இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், பத்து நாள் அதிகப்படி வலி.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குக்கூடத் தெரிஞ்ச வார்த்தைண்ணே. எனக்குப் போய்ப் புரியாம போச்சே" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தெரியாத சொல்லாக இருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பான், இல்லை யாரையாவது கேட்டிருப்பான். தெரிந்த சொல் என்று நினைப்பதால்தான் நாம் கேட்காமல் விடுகிறோம். அதனால் இந்த வாரம் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த 'செகண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

இரண்டுக்கும் விநாடிக்கும் என்ன உறவு?

வரிசையில் இரண்டாவதும் செகண்ட், கடிகாரத்தில் நொடியும் செகண்ட். இது தற்செயலா? இல்லை. இரண்டும் ஒன்றேதான்.

லத்தீன் மொழியில் 'செகுண்டுஸ்' என்றால் பின்தொடர்வது, அடுத்தது என்று பொருள். முதலாவதைத் தொடர்ந்து வருவது இரண்டாவது, அவ்வளவுதான். சீக்வென்ஸ், சீக்வல், கான்சீக்வென்ஸ் எல்லாம் இதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். 'டூ' என்ற எண்ணுக்கும் 'செகண்ட்' என்ற சொல்லுக்கும் உருவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃபோர் - ஃபோர்த், சிக்ஸ் - சிக்ஸ்த் என்று மற்ற எண்களில் பெரும்பாலானவை ஒழுங்காக வருகின்றன. 'செகண்ட்' மட்டும் பிரெஞ்சு வழியாக வந்து புகுந்த விருந்தாளி.

அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் இரண்டாவதை எப்படிச் சொன்னார்கள்? இன்றைய 'அதர்' என்ற சொல்லின் பழைய வடிவம்தான் அந்த வேலையைச் செய்தது. அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. 'எவ்ரி அதர் டே' என்று சொல்கிறோமே, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். சித்தியின் தாளில் இருந்ததும் இதுவும் ஒரே பொருள்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். ஒரு மணி நேரத்தை 60 ஆகப் பிரித்தபோது கிடைத்த துண்டுக்கு லத்தீனில் 'பார்ஸ் மினூட்டா ப்ரீமா' என்று பெயர். அதாவது, முதல் சிறு பகுதி. அந்தத் துண்டை மறுபடி 60 ஆகப் பிரித்தால் 'பார்ஸ் மினூட்டா செகுண்டா', இரண்டாவது சிறு பகுதி. முதல் பெயரிலிருந்து 'மினூட்டா'வை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், மினிட் ஆயிற்று. அடுத்த பெயரிலிருந்து 'செகுண்டா'வை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், செகண்ட் ஆயிற்று. இரண்டாம் முறை பிரித்ததால்தான் விநாடிக்குச் செகண்ட் என்று பெயர்!

(மினிட் என்பதை அதே எழுத்துகளோடு 'மைன்யூட்' என்று உச்சரித்தால் மிகச் சிறிய என்று பொருள் வருவதும் இதனால்தான்.)

நம் விநாடியும் அவர்கள் செகண்டும்

60 ஆகப் பிரிக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், பழைய கணக்கில் ஒரு விநாடி என்பது இன்றைய 24 செகண்ட். பஞ்சாங்கக் கணக்கைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்று செகண்டுக்கு விநாடி என்றே எழுதுகிறோம். நொடி என்றும் சொல்கிறோம். நொடி என்பது கைவிரலைச் சொடுக்கும் நேரம். இலங்கைத் தமிழர்கள் செகண்டையே தமிழாக்கி, 'செக்கன்' என்று அழகாகச் சொல்கிறார்கள்.

சொடுக்குப் போடும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். அறிவியலுக்கு அது போதாது. அதனால் 1967-ல் சீசியம்-133 அணுவை வைத்துச் செகண்டுக்கு வரையறை செய்தார்கள். அந்த அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர ஆகும் நேரம்தான் ஒரு செகண்ட்.

பூமி அத்தனை கறாராகச் சுற்றுவதில்லையே! அதைச் சரிக்கட்ட 1972 முதல் அவ்வப்போது 'லீப் செகண்ட்' சேர்த்தார்கள். இதுவரை சேர்த்தவை 27. கடைசியாகச் சேர்த்தபோது இந்தியாவில் 2017 ஜனவரி 1, காலை 5.30-க்குச் சற்று முன். அன்று நாம் எல்லோரும் ஒரு செகண்ட் அதிகமாகத் தூங்கியிருக்கிறோம்.

வழிமொழிகிறேன்!

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டம். ஒருவர் எழுந்து, 'லிஃப்ட்டை மாற்ற வேண்டும்' என்று தீர்மானம் கொண்டுவருகிறார். இன்னொருவர் 'ஐ செகண்ட் இட்' என்கிறார். இரண்டாவது லிஃப்ட் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தீர்மானத்தை ஆதரிக்கிறேன் என்கிறார்.

தமிழில் இதற்கு 'வழிமொழிதல்' என்று அருமையான சொல் இருக்கிறது. முன்மொழிபவரின் பின்னால் போவது வழிமொழிதல். 'வழி' என்றால் பின் என்றும் பொருள் உண்டு. முதல் நூலைப் பின்பற்றி வருவதை வழிநூல் என்கிறோமே, அதே 'வழி'தான். லத்தீன் 'செகுண்டுஸ்' என்ற சொல்லின் 'பின்தொடர்வது' என்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பது கடினம்.

ஆதரவு என்ற இந்தப் பொருளுக்குப் பக்கத்து வீடுதான் குத்துச்சண்டை. மேடையின் மூலையில் நின்று வீரருக்குத் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்துவிடும் உதவியாளருக்கும் 'செகண்ட்' என்றே பெயர். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் முன் 'செகண்ட்ஸ் அவுட்' என்று அறிவிப்பார்கள். 'உதவியாளர்களே, வெளியேறுங்கள்' என்பது அதன் பொருள். நேரம் முடிந்துவிட்டது என்பதல்ல.

உச்சரிப்பு மாறினால் ஊரே மாறும்

எழுத்து அதேதான். ஆனால் முதல் பாதியை விட்டுவிட்டு, பின்பாதியை அழுத்தி 'ஸிகாண்ட்' என்று பிரிட்டிஷ்காரர்கள் சொன்னால், ஓர் ஊழியரைத் தற்காலிகமாக வேறு அலுவலகத்துக்கு அனுப்புவது என்று பொருள். நம் ஊரில் டெபுடேஷன் என்போம். பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகனுக்கு லண்டனுக்கு 'ஸிகாண்ட்மென்ட்' என்று கடிதம் வந்தால், இரண்டாவது வேலை கிடைத்திருக்கிறது என்று அர்த்தமில்லை. போய்விட்டுத் திரும்பி வருவார்.

கடையிலும் பந்தியிலும்

திருப்பூர் பக்கம் 'செகண்ட்ஸ்' என்றால் தையலிலோ சாயத்திலோ சிறு குறை இருந்து ஏற்றுமதிக்குத் தேறாத புதுத் துணி. 'செகண்ட் ஹேண்ட்' என்றால் ஒருவர் பயன்படுத்திய பொருள். இரண்டும் ஒன்றல்ல. செகண்ட்ஸ் சட்டையை நீங்கள்தான் முதலில் போடுகிறீர்கள்.

வெளிநாட்டு நண்பர் வீட்டு விருந்தில், 'உட் யு லைக் செகண்ட்ஸ்?' என்று கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். மிச்சத்தைத் தரவில்லை. இன்னொரு தடவை பரிமாறட்டுமா என்று அன்பாகக் கேட்கிறார்.

கடிகாரத்தில் ஓடும் ஒல்லி முள்ளுக்கும் 'செகண்ட் ஹேண்ட்' என்றுதான் பெயர். பக்கத்தில் இருப்பவர் விடும் புகையை நாம் சுவாசிப்பது 'செகண்ட் ஹேண்ட் ஸ்மோக்'. நேரில் பார்க்காமல் பிறர் சொல்லக் கேட்டதும் 'செகண்ட் ஹேண்ட்' தகவல்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருவதில் பெரும்பகுதி இந்த ரகம்.

ஏமாற்றும் இடங்கள்

'செகண்ட் டு நன்': இதைக் கேட்டதும் இரண்டாம் இடம் என்று தோன்றும். யாருக்கும் இரண்டாவது இல்லை, அதாவது முதலிடம் என்பதே பொருள். ஆனால் 'செகண்ட் ஒன்லி டு' என்றால் உண்மையாகவே இரண்டாம் இடம். பரப்பளவில் கனடா, ரஷ்யாவுக்கு மட்டுமே செகண்ட்.

செகண்ட் ஃப்ளோர்: அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க. அங்கே தரைத்தளமே முதல் தளம். அவர்களின் செகண்ட் ஃப்ளோர், நம்முடைய முதல் மாடி. நம் ஊர்க் கணக்கில் ஏறினால் ஒரு மாடி தள்ளி, வேறு யாரோ வீட்டு அழைப்பு மணியை அடித்துக்கொண்டு நிற்போம்.

செகண்ட் கசின்: சித்தி மகன் எனக்கு ஃபர்ஸ்ட் கசின். அவன் பிள்ளையும் என் பிள்ளையும் ஒருவருக்கொருவர் செகண்ட் கசின்.

செகண்ட் ஏசி: ரயிலில் 2ஏ என்பதில் உள்ள இரண்டு, படுக்கை அடுக்குகளின் எண்ணிக்கை. தரத்தில் இரண்டாவது என்பதற்காக வைத்த பெயரல்ல.

எவ்ரி செகண்ட் சாட்டர்டே: இதுதான் மிகப் பெரிய குழப்பம். 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் விடுமுறை. 'எவ்ரி செகண்ட் சாட்டர்டே' என்று ஒருவர் எழுதினால், ஒவ்வொரு மாதமும் வரும் இரண்டாவது சனிக்கிழமை என்றும் கொள்ளலாம், ஒரு சனி விட்டு ஒரு சனி என்றும் கொள்ளலாம். நாம் எழுதும்போது 'தி செகண்ட் சாட்டர்டே ஆஃப் எவ்ரி மன்த்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி இப்படிச் செய்யலாம்

சித்தியின் புண் இப்போது ஆறிவிட்டது. வாசல் வரை நடக்கிறார். மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது, தம்பி நர்ஸிடம் தாளை நீட்டி, "சிஸ்டர், என்னென்ன தேதியில வரணும்னு இதுலயே எழுதிக் கொடுத்துடுங்க" என்றான். அவரும் சிரித்துக்கொண்டே ஐந்து தேதிகளை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் பூஜை அறைக் காலண்டர் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ஒரு தேதி முடிந்ததும் சித்தியே பேனாவால் அடித்துவிடுவார்.

மாத்திரைச் சீட்டோ, கட்டு மாற்றும் தாளோ எதுவானாலும் இதைச் செய்யுங்கள். தேதியாகக் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

உங்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி

கீழே உள்ளவற்றின் பொருளை விடையைப் பார்க்காமல் சொல்லுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. ஆன் செகண்ட் தாட்ஸ்
2. செகண்ட் நேச்சர்
3. பிளே செகண்ட் ஃபிடில்
4. செகண்ட் விண்ட்
5. செகண்ட் ஒப்பீனியன்

விடைகள்: 1. மறுபடி யோசித்து மனதை மாற்றிக்கொள்வது. 2. பழகிப் பழகி இயல்பாகவே ஆகிவிட்ட பழக்கம். 3. இன்னொருவருக்கு அடங்கிய இடத்தில் இருப்பது. 4. களைத்துப்போன பிறகு மீண்டும் கிடைக்கும் தெம்பு. 5. வேறொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்பது.

ஐந்தும் சரியென்றால் நீங்கள் 'செகண்ட் டு நன்'!