ஜொள்ளுப் பயலும் பியோ பியோ ஏப்ரனும்

‘மேஸோன் இக்கோகு’ மாங்காவோட முதல் நாலஞ்சு அத்தியாயம் படிச்சுட்டு “ச்சே, ஜொள்ளுப் பயலோட கதை”ன்னு மூடி வைக்கிற ஆசாமிங்க ஒரு பக்கம். “1980ல வந்தது சார், அப்பல்லாம் அப்படித்தான், கண்டுக்காம தாண்டிப் போங்க, பின்னாடி சூப்பரா இருக்கும்”னு வக்காலத்து வாங்குற ரசிகர்கள் இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டாவது கோஷ்டி மேலதான் கடுப்பு அதிகம். எதைய்யா தாண்டிப் போறது? கதையே அங்கதானே இருக்கு!

தெரியாதவங்களுக்காக: ருமிகோ தகாஹாஷி 1980லிருந்து 1987 வரை ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழில் எழுதி வரைந்த தொடர். டோக்கியோவில் ஒரு பழைய மர வீடு, அறை அறையாக வாடகைக்கு. ஐந்தாம் எண் அறையில் கோதாய். கல்லூரி நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டுட்டு மறுபடி படிக்கிறேன்னு உட்கார்ந்திருப்பவன். வீட்டை நிர்வகிக்க வந்து சேர்கிறாள் கியோகோ, இளம் விதவை.

ஆறாம் எண் அறை அகேமி மதுக்கடையில் வேலை பார்ப்பவள். உள்ளே தெரியும் மெல்லிய நைட்டியோட தாழ்வாரத்துல சர்வசாதாரணமா நடமாடுவா. அவளை நினைச்சு கோதாய் ஏங்கறதில்லை. அவன் தூக்கம் கெடுறது யாரால? ‘பியோ பியோ’ன்னு கோழிக்குஞ்சு சத்தம் எழுதின ஏப்ரன் மாட்டிக்கிட்டு வாசல் பெருக்குற கியோகோவால! காமம் தெரியுற உடம்புல இல்ல, பாக்குறவன் மண்டைக்குள்ள இருக்குன்னு இதை விட எப்படி வரைஞ்சு காட்டுறது? அவன் பகல்கனவை விரிச்சு வரைவார், உடனே அதைப் போட்டு உடைப்பார். நாம சிரிக்கிறது கியோகோவைப் பார்த்து இல்ல, அவனைப் பார்த்து.

(பக்கத்து அறை யோத்சுயா சுவத்துல ஓட்டை போட்டு எட்டிப் பாக்குறதை வெறும் கூத்தாவே விட்டுட்டதை மட்டும் நான் நியாயப்படுத்த மாட்டேன். அது தகாஹாஷியோட சோம்பேறித்தனம்.)

அப்புறம் அந்தக் குடி ராத்திரி. ஊரே கேட்கிற மாதிரி காதலைக் கத்திச் சொல்லி, கியோகோவைத் தூக்கிக்கிட்டு அறைக்குப் போய், கோதாய் அப்படியே மட்டை. இதை ரொமான்ஸ்னு கொண்டாடுறவங்க இருக்காங்க. இல்லைங்க, அது அசிங்கம்தான். ஒரு பொண்ணைக் கேக்காம தூக்கிட்டுப் போறதுக்கு வேற பேர் கிடையாது. ஆனா அதை வெற்றியா வரையலை பாருங்க. மறுநாள் அவனுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை, அவளுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. அதோட சுமை முழுக்க அவ தலையில.

கியோகோவை ‘சிடுமூஞ்சி, தெளிவில்லாதவ’ன்னு திட்டுறவங்களுக்கு ஒண்ணு கேக்கணும். செத்துப் போன புருஷன் சோயிச்சிரோ பேரையே சுமந்துக்கிட்டு ஒரு நாய் கூடவே இருக்கு. தினம் அந்தப் பேரைச் சொல்லித்தான் சோறு போடணும். ஆசை இருக்குன்னு ஒத்துக்கிட்டா அவனுக்குத் துரோகம்னு நினைக்கிறவ வேற எப்படி நடந்துக்குவா? கோதாய் கோஸுயேங்கிற பொண்ணோட சுத்தினா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவா, கேட்டா எனக்கென்னம்பா. மறுமணம் பண்ணிக்கோம்மான்னு மாமனாரே சொல்றார். மறிச்சுக்கிட்டு நிக்கிறது அவளேதான். அவளோட ஆசை கோபமா வெளிய வருது. அது பாத்திரத்தோட ஓட்டை இல்ல சாமி, பாத்திரமே அதுதான்.

முதல் அத்தியாயத்துலயே கோதாய் உத்தமனாவும் கியோகோ தெய்வமாவும் வந்திருந்தா ஏழு வருஷம் என்னத்த வரையுறது? ரெண்டாவது வாரமே தாலி... சரி, மோதிரத்தை மாட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் :)